வா என்று சொல்லாமல்

மூன்றாவது பீரியட் முடிந்து மணி அடித்துவிட்டது, அடித்ததே எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, இசக்கியப்பன் அண்ணாச்சி இப்போதெல்லாம் தண்டவாளத் துண்டைக் கிழக்கு வராந்தாவில் தொங்கவிட்டு அடிக்கிறார், முன்பெல்லாம் அது இந்த லைப்ரரி ஜன்னலுக்கு வெளியே இருந்தது, ஒரு அடிக்குப் பீரோக் கதவு அதிரும். நாலாவது பீரியட் தொடங்கிவிட்டது, நாற்பத்தைந்து நிமிடம், வியாழக்கிழமை. நாளைக்கு வெள்ளி என்பதை நினைக்கக் கூடாது என்று காலையில் இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போதே முடிவு செய்தேன், அப்போதிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஜன்னலையும் பார்க்கக் கூடாது. ஜன்னலுக்கு நேரே சைக்கிள் ஷெட், அதில் மூன்றாவது தூணுக்குப் பக்கத்தில் பவதாரணி, ஏழாம் வகுப்பு, மடியில் பை, கையில் நீலத் தண்ணீர் பாட்டில். ஒன்பது நாளாக அங்கேதான் இருக்கிறாள், எந்த அறைக்குள்ளும் வருவதில்லை, காரணம் நான். தைக்க வேண்டும், தலையைக் குனிந்து தைக்க வேண்டும். நான் இந்தப் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர், சந்தானலெட்சுமி, லைப்ரரியனே இல்லாத பள்ளிக்கூடத்தில் ஊசி பிடிக்கிறவள் புத்தகமும் பிடிக்கட்டும் என்று பதினோரு வருஷத்துக்கு முன்னால் சாவியைக் கொடுத்தார்கள். கோவில்பட்டி வெயில் ஓட்டுக்கு மேலே காய்கிறது. ஃபேன் சத்தமில்லாமல் சுற்றுகிறது, எண்ணெய் விட்டிருக்கிறேன், கடக் கடக் என்று அடித்துக்கொண்டிருந்தது, அதற்கும் அவள்தான் காரணம்.

வாசனை இருக்கிறதா. இல்லை. இருக்கிறது. ஜன்னல் திரையை மூன்று தடவை துவைத்தாயிற்று, பாயை மொட்டை மாடியில் இரண்டு நாள் காயப்போட்டேன், வாசல் நிலையைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவினேன், இன்னும் அந்தப் பன்னீர் வாசனை இந்த அறையில் இருக்கிறதா என் மூக்கில் இருக்கிறதா தெரியவில்லை. காலையில் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, கொஞ்சம் மோந்து பாருங்க, பன்னீர் வாசம் வருதா?" என்றேன், அவர் வாசலில் நின்று பெரிதாக மூச்சை இழுத்துவிட்டு, "ஒண்ணும் இல்ல டீச்சர், புத்தக வாசம்தான் வருது" என்றார், எனக்கு ஆறுதலாக இருந்தது, அவர் போன பிறகுதான் ஞாபகம் வந்தது, மனுஷர் முப்பது வருஷமாக மூக்குப்பொடி போடுகிறவர். சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். வாசனை விஷயம் எனக்குத் தெரியாததா, அவளுக்காகத்தானே பீரோவிலிருந்து அந்துருண்டையை எல்லாம் பொறுக்கி வெளியே போட்டேன், பூச்சி அரிக்காமல் இருக்க வேப்பிலையைக் காயவைத்துத் துணியில் முடிந்து வைத்தேன், பள்ளிக்கூட நாட்களில் மல்லிகைப்பூ வைப்பதை விட்டேன், இவர்கூடக் கேட்டார், "என்ன, புருசன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது மொட்டத் தலையாப் போற" என்று, ஒரு பிள்ளைக்கு ஆகாது என்றேன், பேப்பரை இறக்கி என்னை ஒரு பார்வை பார்த்தார், அதற்குப் பிறகு கேட்கவில்லை. பவுடரை விட்டேன். வளையலைக் கழற்றினேன். நாலு மாதமாக ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டவள் கடைசியில் ஒரு செம்பு நிறையப் பன்னீரோடு வாசலில் போய் நின்றேன். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை.

நூல் சிக்குகிறது. ஸ்டூலுக்கு உறை தைக்கிறேன், பழுப்பு நிறக் காடாத் துணி, பூப்போட்ட துணி அவளுக்குப் பிடிக்காது, பூக்களை எண்ண ஆரம்பித்தால் முடிக்காமல் எழுந்திருக்க மாட்டாள். எண்கள் அவளுக்கு. எனக்கு அது தெரியவே ஒரு மாதம் ஆனது. புத்தகங்களை நான் அழகாகக் கதை, சரித்திரம், விஞ்ஞானம், சமையல் என்று பிரித்து அடுக்கி வைப்பேன், மறுநாள் வந்து பார்த்தால் நாலாவது பீரோவில் இரண்டு தட்டு குழம்பிக் கிடக்கும், கோழி வளர்ப்புக்குப் பக்கத்தில் நாடகம், அதற்குப் பக்கத்தில் அல்ஜீப்ரா. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்தான் சேட்டை பண்ணுகிறார்கள் என்று வரிசையில் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கினேன், பாவம், அவர்கள் சாமி சத்தியமாக இல்லை டீச்சர் என்றார்கள். மறுநாளும் அப்படியே. கோபத்தில் ஒவ்வொன்றாக எடுத்து முதுகைப் பார்த்தேன், முதுகில் நானே வெள்ளைக் காகிதத்தில் எழுதி ஒட்டிய பதிவு எண், 411, 412, 413, 414. புத்தகம் பள்ளிக்கூடத்துக்கு வந்த வரிசைக்குத்தான் அந்த எண், ஒரே மூட்டையில் வந்ததெல்லாம் அடுத்தடுத்து. நான் பிரித்து வைத்ததை எல்லாம் ஒரு பிள்ளை தேடித் தேடிச் சேர்த்துவைத்திருக்கிறது. அன்றைக்குப் பீரோ முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். யார் என்று கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை, மற்ற பிள்ளைகள் மதியச் சாப்பாட்டுக்கு முந்தின பீரியடில் கத்துகிற கத்தலில் காதைப் பொத்திக்கொண்டு இங்கே ஓடி வந்து நிற்கிறவள் ஒருத்திதான். நாலாவது பீரோ உனக்கு என்று நான் சொல்லவில்லை, சொன்னால் என்ன செய்வாளோ என்று பயம், அந்தப் பீரோவைப் பூட்டாமல் விட்டேன், அவ்வளவுதான்.

கண் போகிறது ஜன்னலுக்கு. தூணும் நீலமும் தெரிகிறது. இருக்கிறாள். எத்தனை நிமிடம் ஆகியிருக்கும், பத்து இருக்கும். நாளைக்குப் பத்து மணிக்கு அவள் அம்மா வருகிறாள், பெரிய டீச்சர் வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் பெரிய டீச்சர் ஜெயசீலி மோசமானவர் இல்லை, மோசமானவராக இருந்திருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். "நானும் எத்தன நாள் சமாளிக்க டீச்சர். வெயில்ல, சைக்கிள் ஷெட்ல ஒரு பொம்பளப் புள்ளைய உக்கார வச்சிருக்கோம். யாராவது போட்டோ எடுத்துப் போட்டா நாம என்ன பதில் சொல்ல. மதுரப் பக்கம் இந்த மாதிரிப் புள்ளைகளுக்குன்னே ஒரு ஸ்கூல் இருக்காம், ஹாஸ்டலோட. இந்த வாரத்துக்குள்ள ஒரு ரூமுக்குள்ளயாவது வந்துட்டாள்னா வேண்டாம். இல்லேன்னா அவ அம்மாட்ட சொல்லிருவோம்" என்றார்கள். வாரம் என்றால் வெள்ளி, வெள்ளி நாலாவது பீரியட் வருவதற்குள் பத்து மணி வந்துவிடும், ஆக இன்றைக்குத்தான். ஹாஸ்டல். தோளில் ஒரு கை பட்டால் துடித்துப்போகிற பிள்ளையை நாற்பது பேர் படுக்கிற ஹாலில். தட்டுச் சத்தம், வாளிச் சத்தம், பக்கத்துப் பாயில் யாரோ புரண்டு கால் படும், காலையில் தெரியாத கை தலை பின்னிவிடும். அங்கே நாலாவது பீரோ இருக்குமா. இருந்தாலும் அதைப் பூட்டாமல் விடுகிற கோட்டி பிடித்தவள் ஒருத்தி இருப்பாளா. ஊசி, ஊசியைப் பார், சந்தானம்.

இந்த அறையில் மிச்சம் நான் செய்ததெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்ததுதான், சும்மா சொல்லக் கூடாது. இவள் மாதிரிப் பிள்ளைகளைப் பற்றி இரண்டு நாள் பயிற்சி, எங்கள் பள்ளியிலிருந்து யாரும் போகத் தயாராக இல்லாததால் என்னை அனுப்பினார்கள். சின்ன வயசுப் பொண்ணு ஒருத்தி வந்து பாடம் எடுத்தாள், வெளிச்சம், சத்தம், வாசனை, தொடுதல், இந்த நாலும் நமக்கு ஒன்று, அந்தப் பிள்ளைகளுக்குப் பத்து என்றாள், எதிர்பாராமல் எதுவும் நடக்கக் கூடாது என்றாள், நான் அதை நோட்டில் எழுதி ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டேன். அந்த நோட்டு இப்போதும் இந்த மேஜை டிராயரில் இருக்கிறது, திறக்க வெட்கமாக இருக்கிறது. மினுக்கிக்கொண்டிருந்த டியூப்லைட்டை அணைத்தேன், திரை தைத்தேன், மூலையில் பாய் போட்டு இரண்டு ஸ்டூல் வைத்தேன். ஒன்று அவளுக்கு. இன்னொன்று எனக்கு என்று நினைத்தேன், அவள் அதைப் பாட்டிலுக்கு என்று நினைத்துவிட்டாள். நாலு மாதமாக அந்த ஸ்டூலில் நீலப் பாட்டில்தான் மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒரு தடவை பாட்டிலை நகர்த்திவிட்டு உட்காரப் போனேன், பாட்டிலைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டிவிட்டாள், நான் மேஜைக்கே திரும்பி வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் அங்கே, நான் இங்கே. அவள் எண்களை முணுமுணுப்பாள், ஒவ்வொரு புத்தகத்திலும் முதல் பக்கத்தை மட்டும் வாசிப்பாள், நான் காஜா எடுப்பேன். நாலு மாதத்தில் அவள் என்னைப் பார்த்துப் பேசியது ஏழு வார்த்தையோ எட்டு வார்த்தையோ. என் சொந்தப் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகு எனக்கு இவ்வளவு நல்ல துணை கிடைத்ததில்லை. சொல்லவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை, ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது.

அப்படியே விட்டிருக்கலாம். பெரிய டீச்சர் வந்து பார்த்துவிட்டு, "எவ்வளவு அழகாப் பண்ணிருக்கீக டீச்சர், இத முறையாத் திறக்கணும்லா, நம்ம புள்ளைக்கு ஒரு மரியாத செய்யணும்லா" என்றபோது வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்குப் பெருமை. நான் தைத்த திரை, நான் போட்ட பாய், நாலு பேர் பார்க்கட்டும் என்று ஆசை. அமைதி மூலை என்று போர்டு எழுதி, அமைதி மூலையைத் திறக்க மைக் கட்டினார்கள், அப்போதாவது எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டாமா, வரவில்லை, நான் அரக்குப் பட்டுச் சேலையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணச் சீரில் வந்த பன்னீர்ச் செம்பைப் புளி போட்டு விளக்கினேன். சந்தனம், கல்கண்டுத் தட்டு, அறுபது பிள்ளைகள் இரண்டு வரிசையாக. நாலாவது பீரியடுக்கு அவள் வழக்கம்போல அடியை எண்ணிக்கொண்டே வராந்தாவில் வந்தாள், அறுபது பேரும் கை தட்டினார்கள், மைக் கீச்சென்றது, அவள் என்னைத்தான் பார்த்தாள், முதல் தடவையாக நேராக என் முகத்தைப் பார்த்தாள், இவள் இருக்கிறாள் அல்லவா, இவள் பார்த்துக்கொள்வாள் என்று நினைத்திருப்பாளோ என்னவோ. நான் வாய் நிறைய, "வாம்மா, வா வா" என்று சொல்லி முகத்தில் பன்னீரைத் தெளித்தேன். அவள் போட்ட அந்தச் சத்தத்தை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொண்டு ஓடினாள், சைக்கிள் ஷெட் தூணில் போய் நின்றாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்று ஸ்டாஃப் ரூமில் யாரோ சொன்னார்கள், சொன்னது சரிதான். அவள் அம்மா உமாமகேஸ்வரி தீப்பெட்டி ஆபீஸிலிருந்து கையில் பசையோடு வந்தாள், என்னை நாலு வார்த்தை திட்டுவாள் என்று காத்திருந்தேன், "நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீக டீச்சர்" என்றாள். விரலில் காய்ந்த பசையை உரித்துக்கொண்டே, "அவளுக்கு இந்த ரூமுன்னா உசுரு. ராத்திரி படுக்கும்போது நம்பரா சொல்லிக்கிட்டே தூங்குவா. இப்ப ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்கா" என்றாள். திட்டியிருந்தால் இந்த ஒன்பது நாளும் கொஞ்சம் தூங்கியிருப்பேன்.

வா என்கிற ஒரு வார்த்தை. அதில்தான் வந்து வந்து மாட்டிக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் அந்த வார்த்தைக்காகக் கொலை விழாதது ஒன்றுதான் குறை. என் அக்கா மகள் சடங்குக்கு எங்கள் மாமா சீர்த்தட்டோடு வந்து வாசலில் நிற்கிறார், என் அம்மா உள்ளே அரிசி அளந்துகொண்டிருந்தவள் பார்க்கவில்லை, அப்பா பார்த்தார், ஆனால் பந்தல்காரனோடு பேச்சில் இருந்தார், ஒருத்தரும் வாங்க என்று சொல்லவில்லை. மாமா தட்டைத் திண்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் போனவர்தான், பதினாறு வருஷம், எங்கள் தெரு வழியாகக்கூடப் போகவில்லை. அப்பா செத்த அன்றைக்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார், யாரையும் பார்க்கவில்லை, நேராக உள்ளே வந்து அப்பா தலைமாட்டில் உட்கார்ந்துவிட்டார். துட்டி வீட்டில் யாரும் யாரையும் வா என்று சொல்லக் கூடாதே, அதுதான் அவருக்கு வசதியாகப் போனது, யாரும் கூப்பிடாத வீட்டுக்குள் வர அவருக்கு அந்த ஒரு நாள்தான் கிடைத்தது. எதற்கு இது இப்போது ஞாபகம் வருகிறது, சாவு வீட்டை எதற்கு நினைக்கிறேன், வாயைக் கழுவு. ஆனால் அதற்குத்தான் நான் பயப்படுகிறேன். பூ இல்லை, வளையல் இல்லை, ஒன்பது நாளாகப் பேச்சும் இல்லை, வருகிறவளை வா என்று சொல்லக் கூடாது என்று உதட்டைக் கடித்துப் பழகுகிறேன், இது ஒரு பிள்ளை வருகிற இடமா, துட்டி வீடா. வா என்று சொல்லாமல் ஒரு பிள்ளைக்கு நீ எனக்கு வேண்டும் என்று எப்படித் தெரியும். முதுகில் நம்பர் ஒட்டினால் தெரியுமா. நாலாவது பீரோவைப் பார்க்கிறேன். துவைத்ததும் கழுவியதும் போக ஒன்பது நாளில் நான் செய்தது அது ஒன்றுதான், பாதியில் நின்றுபோன அவள் வரிசையை அவள் மாதிரியே தேடித் தேடி அடுக்கிவைத்தேன், 2301-லிருந்து 2340 வரை, அடுத்த வாரம் ஆய்வுக்கு வருகிற ஆபீஸர் பார்த்தால் என்னைத்தான் கோட்டி என்பார். சொல்லட்டும்.

தூண். தூண் மட்டும் இருக்கிறது. நீலம் இல்லை. எப்போது நான் பார்த்தேன், இப்போதுதானே, நூல் கோர்க்கிற நேரம்தானே கண்ணை எடுத்தேன். கேட் திறந்திருக்கிறதா. கேட்டுக்கு வெளியே மெயின் ரோடு, லாரி, தீப்பெட்டி லோடு ஏற்றுகிற வேன்கள், ஹாரன் அடித்தால் இவள் காதைப் பொத்திக்கொண்டு நடு ரோட்டில் நின்றுவிடுவாள். எழுந்திரு. எழுந்திருக்காதே. எழுந்து ஓடினால் என்னைப் பார்த்து அவள் ஓடுவாள், அன்றைக்கு அவளை விரட்டியது என் முகம்தானே. அண்ணாச்சி கேட்டில் இருப்பார், இருக்கிறேன் என்று சொன்னார், இருக்க வேண்டும், பொடி வாங்கக் கடைக்குப் போயிருந்தால். கால் எழுந்துவிட்டது, கை மேஜையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. செருப்புத் தேய்கிற சத்தம். "நாப்பத்தொண்ணு. நாப்பத்திரெண்டு." உட்கார்ந்துவிட்டேன். தலையைக் குனிந்துவிட்டேன். "நாப்பத்தேழு." துணி, துணியின் ஓரம், ஓரத்தில் நூல், நூலைப் பார். "அம்பத்திமூணு." நின்றுவிட்டது. வாசலில் நிற்கிறாள். நிழல் என் மேஜைக் கால்வரை வருகிறது. வா என்பது வாயில் வந்து நிற்கிறது, ஐம்பத்தொரு வருஷத்துப் பழக்கம், பிச்சை கேட்டு வருகிறவரைக்கூட வாங்க என்று சொல்லி வளர்ந்த வாய், ஊசியை விரலில் ஏற்றிக்கொண்டேன், வலித்தது, நல்லது. மூக்கால் மூச்சை இழுக்கிறாள். நிலைக்கட்டையில் முகத்தை வைத்து மோந்து பார்க்கிறாள். கழுவினேன் கண்ணு, தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன், உனக்கு இன்னும் வருகிறதா, வந்தால் நிலையையே பெயர்த்துப் போடச் சொல்கிறேன்.

நிழல் மேஜைக் காலைத் தாண்டிப் போனது. பாட்டிலை ஸ்டூலில் வைக்கிற சத்தம், எத்தனை நாள் ஆயிற்று இந்தச் சத்தத்தைக் கேட்டு. பிறகு பீரோக் கதவு. புத்தக முதுகுகளில் விரல் போகிற சத்தம் காய்ந்த இலையைத் தொடுகிற மாதிரி இருக்கும், அது போகிறது, போகிறது, நிற்கிறது. "ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு" என்றாள். விரல் திரும்ப முதலிலிருந்து வருகிறது, அதே இடத்தில் நிற்கிறது. "ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினாறு." குரல் ஏறுகிறது. நான்தானே அடுக்கினேன், நாற்பது புத்தகத்தையும் எண்ணி வைத்தேனே, எங்கே போயிற்று அது, ஒரே ஒரு காரியம் செய்தேன், அதிலும் ஓட்டையா. துணியை இழுத்தேன், வரவில்லை, நகராமல் இருக்க மேலே பாரம் வைத்திருக்கிறேன், பாரமாக ஒரு புத்தகம், காலையில் கைக்கு வந்ததை எடுத்து வைத்தேன், தேனீ வளர்ப்பு, முதுகில் 2316. அடிப் பாவி. எடுத்தேன். கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது, இந்தா என்றும் சொல்லக் கூடாது. மேஜையின் அந்தப் பக்கத்து ஓரத்தில், கீழே விழாத அளவுக்குத் தள்ளி வைத்துவிட்டு, துணியை மடித்து, பிரித்து, மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு கை வந்தது. மணிக்கட்டில் பல் பட்ட இடம் ஆறிக் கறுத்திருந்தது. புத்தகம் போய்விட்டது. பீரோவில் அது தன் இடத்துக்குள் நுழைகிற சத்தம் எனக்கு இங்கே கேட்டது. "ரெண்டாயிரத்து முந்நூத்திப் பதினேழு" என்றாள், குரல் இறங்கியிருந்தது, பதினெட்டு, பத்தொம்பது என்று போய்க்கொண்டே இருந்தது, நாற்பது வரைக்கும் சரியாக இருந்தது.

வராந்தாப் பக்கம் பெரிய டீச்சர் செருப்புச் சத்தம் வந்து, நின்று, வந்த வழியே மெதுவாகத் திரும்பிப் போனது. பார்த்துவிட்டார்கள். இனி பத்து மணியை நினைக்கலாம், நினைத்தாலும் ஒன்றும் செய்யாது, உமாமகேஸ்வரி வரட்டும், நாலாவது பீரியட் வரைக்கும் இருந்து இந்த வாசலில் நின்று அவளும் பார்க்கட்டும். கண் மறைக்கிறது, துடைத்தால் வளையல் சத்தம் கேட்குமோ என்று பயந்தேன், வளையல்தான் போடவில்லையே. பவதாரணி முதல் பக்கம் வாசித்துக்கொண்டிருக்கிறாள், தெரியும், உதடு அசைகிற சத்தம்தான் அது. பிறகு ஒரு சத்தம் வந்தது, நாலு மாதத்தில் நான் கேட்காத சத்தம், ஸ்டூலிலிருந்து பாட்டிலை எடுத்துத் தரையில் வைக்கிற சத்தம். தலையைத் தூக்கினேன். அவள் புத்தகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டில் அவள் கால் பக்கத்தில் பாயின் மேல் நின்றது. பக்கத்து ஸ்டூல் காலியாக இருந்தது. தைத்துக்கொண்டிருந்ததை மேஜையில் வைத்தேன், செருப்பைக் கழற்றினேன். யாரும் என்னை வா என்று சொல்லவில்லை. போய் உட்கார்ந்தேன்.